பழங்கற்படி: தைப்பிங் நகரின் முதுகட்டடங்களும் நமது கடமையும்

ஓர் ஊரில் நூறாண்டு கண்ட கட்டடம் ஒன்று நிற்கிறது. கூரை ஒழுகுகிறது, தூண்களைக் கறையான் அரித்திருக்கிறது, சுவரின் வெடிப்பில் ஆலங்கன்று வேர்விட்டிருக்கிறது. அதனை இடித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்புவதா, பெரும்பொருள் செலவிட்டுப் பழுதுபார்த்துக் காப்பதா என்னும் வினா ஊரார் முன் எழுகிறது. இடிக்க வேண்டும் என்பாரும் ஊரின் நலம் நாடுவோரே. காக்க வேண்டும் என்பாரும் ஊரின் நலம் நாடுவோரே. இரு சாராரும் தத்தம் நியாயங்களை எடுத்துரைக்கும்போது அவ்வழக்கைத் தீர்த்து வைக்க ஒரு நெறி வேண்டும். அந்நெறியைத் தேடிச் செல்வார்க்குப் பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரம் நல்லதொரு பாடநூலாக விளங்குகிறது.

நாட்டின் முதல் அரும்பொருட்காட்சியகத்தையும் முதல் இருப்புப் பாதையையும் கண்ட நகரம் அது. பழைய சிறைச்சாலை, கோபுரக் கடிகாரம், சந்தை, ஏரிப் பூங்கா என அடுக்கடுக்காகப் பழமையைத் தாங்கி நிற்பதும் அதுவே. தமிழர் வரலாற்றோடு அதற்குள்ள தொடர்போ மிக நெருக்கமானது. ஆதலின், அந்நகரில் எவை நின்றன, எவை மறைந்தன என்பதை ஆராய்வது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

போரின் பின் பிறந்த பெயர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாருட் வட்டாரம் ஈயத்தால் புகழ்பெற்றது. மலாய்த் தலைவர் லோங் ஜாபாரும், அவருக்குப் பின் அவர்தம் மகன் ஙா இப்ராகிமும் அவ்வட்டாரத்தை ஆண்டனர். ஈயத்தை நாடிச் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். கீ ஹின், ஹை சான் என்னும் இரு குழுவினரிடையே 1861 ஆம் ஆண்டு மூண்ட பூசல் 1874 வரை விட்டுவிட்டு எரிந்துகொண்டே இருந்தது. 1874 ஜனவரி 20 ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கை அப்பூசலுக்கு முடிவு கட்டியது; பேராக்கில் ஆங்கிலேயர் ஆதிக்கத்திற்கும் அதுவே வாயிலாயிற்று. போர் ஓய்ந்த ஊருக்குத் தைப்பிங் என்னும் பெயர் வழங்கலாயிற்று. பேரமைதி என்பது அச்சீனச் சொல்லின் பொருள்.

1875 இல் முதல் ஆங்கிலப் பிரதிநிதி பிர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பின்னர், ஆட்சியின் இருக்கை தைப்பிங்கில் அமைந்தது. 1877 முதல் 1889 வரை பிரதிநிதியாக இருந்த ஹியூ லோ காலத்தில் ஊர் நகராயிற்று. 1879 இல் சிறைச்சாலை எழுந்தது. 1880 இல் ஏற்பட்ட பெருந்தீ அத்தாப்புக் கூரைகளைச் சாம்பலாக்கியது. அதன் பின்னரே அகன்ற தெருக்களும் செங்கற் கட்டடங்களும் தோன்றின. 1883 இல் பேராக் அரும்பொருட்காட்சியகம் நிறுவப்பட்டது. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்கள் நீர் நிரம்பி ஏரிப் பூங்காவாக மாறின.

1937 இல் பேராக்கின் தலைநகர்ப் பதவி ஈப்போவிற்குச் சென்றது. அன்று தைப்பிங் மக்கள் அதனை இழப்பாகவே கருதியிருப்பர். ஆயினும், அவ்விழப்பு ஒரு வகையில் நகருக்குக் காப்பாக அமைந்தது எனலாம். வணிகமும் உயர்மாடிகளும் ஈப்போவை நோக்கித் திரும்பியதால், தைப்பிங்கின் பழங்கட்டடங்களை இடிக்க வேண்டிய நெருக்கடி பல காலம் எழவில்லை. எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பல எவரும் காக்க வேண்டும் என்று முடிவு செய்ததால் நிற்கவில்லை. எவரும் இடிக்க வேண்டும் என்று முடிவு செய்யாததால் நின்றன. முடிவு செய்ய வேண்டிய காலம் வந்தபோதுதான் சோதனையும் வந்தது.

எட்டு மைல் பாதை

தைப்பிங்கையும் தமிழரையும் பிணைப்பது இருப்புப் பாதை. ஈயத்தை மாட்டு வண்டியிலும் யானையிலும் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டு செல்வது கடினமாயிருந்தது. எனவே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை எட்டு மைல், அதாவது ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்திற்குத் தண்டவாளம் இடப்பட்டது. 1885 ஜூன் 1 ஆம் நாள் அப்பாதை திறந்து வைக்கப்பட்டது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடைப்பட்ட பாதை அதற்கு அடுத்த ஆண்டில்தான் திறக்கப்பட்டது.

அந்த எட்டு மைலை அமைத்தவர் யார்? இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் தொழிற்படையின் இரு பிரிவினர். இலங்கையில் மலைநாட்டுச் சாலைகளையும் பாலங்களையும் அமைத்துப் பழகிய கைகள் அவை. அப்படையில் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து சென்ற தொழிலாளர்களே மிகுதி. அவர்கள் சதுப்பு நிலத்தில் மண் கொட்டிக் கரை எழுப்பினர். அலையாத்திக் காட்டை வெட்டி வழி செய்தனர். பின்னர்ப் பாதை நீளநீள, தண்டவாளத்தைச் செப்பனிடத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். நிலையத் தலைவராகவும் எழுத்தராகவும் பணியாற்ற யாழ்ப்பாணத்துத் தமிழர் வந்தனர். மலாயாவின் இரயில் நிலையங்களில் தமிழ்க் குரல் ஒலித்த வரலாறு தைப்பிங்கில் தொடங்குகிறது.

நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக விளங்கிய சர் பிரடரிக் வெல்டின் பெயர் துறைமுகத்திற்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவரின் பெயர்களோ வரலாற்று நூல்களில் ஏறவில்லை. தைப்பிங்கில் புக்கிட் லாருட் மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலையோரம் போர் வீரர் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850 க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களுள் 500 க்கும் மேற்பட்டோர் இன்னார் என்று அறியப்படாதவர்கள். பெயர் தெரியாத வீரனுக்கும் ஆங்கே ஒரு கல் உண்டு. நடுகல் நட்டுப் பெயரும் பீடும் பொறித்தல் பழந்தமிழர் மரபுமாகும். பாதை அமைத்த தமிழனுக்கோ அப்பாதையே நடுகல். அப்பாதையை ஒட்டி நின்ற கட்டடங்களே அவன் வாழ்ந்ததற்குச் சான்று. இதனை மனத்திற் கொண்டு அச்சான்றுகளின் கதியைக் காண்போம்.

நின்றவையும் மறைந்தவையும்

தைப்பிங்கின் முதல் இரயில் நிலையம் இன்று ஏழாம் எட்வர்ட் பள்ளி இருக்கும் இடத்தில் நின்றது. பாதை வேறிடத்திற்கு மாறியபின் அந்நிலையமும் மறைந்தது. நாட்டின் முதல் இரயில் புறப்பட்ட இடம் அது. அங்கே பள்ளி எழுந்தது தகாத மாற்றம் அன்று. கல்விக்கு இடம் கொடுத்து மறைந்தது நிலையம் எனலாம்.

பாதையின் மறுமுனையாகிய போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங் எனப்படுகிறது. தண்டவாளம் அகற்றப்பட்டது, நிலையமும் போயிற்று. ஆனால் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் அவ்வூரின் கடைத்தெருவில் இன்றும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளில் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. கடலுணவு உண்ணவும் அலையாத்திக் காட்டைக் காணவும் வரும் பயணிகள் அப்பலகையின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அத்தமிழ் எழுத்துகள் ஏன் அங்கே உள்ளன என்று கேட்பார் சிலரே. நிலையம் நின்றிருந்தால் நூறு செய்திகளைச் சொல்லியிருக்கும். எஞ்சிய பலகை ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறது. ஆயினும் அது பெருஞ்செய்தி: இங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தனர், அவர்கள் பொருட்டுத் தமிழில் எழுத வேண்டியிருந்தது.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைத் தடம் அமைக்கும் பணி 2008 இல் தொடங்கி 2014 இல் நிறைவுற்றது. விரைவு வண்டிகளுக்கேற்ற உயர்ந்த மேடைகளும் மேம்பாலங்களும் தேவைப்பட்டன. அவ்வழியிலிருந்த சிறு நிலையங்கள் பல மறைந்தன. தைப்பிங்கிலும் புதிய நிலையம் எழுந்தது. ஆனால் அங்கே பழைய நிலையக் கட்டடம் இடிக்கப்படாமல் புதியதன் பக்கத்திலேயே விட்டுவைக்கப்பட்டது. புதுமைக்கு இடம் கொடுப்பதற்குப் பழமை அழிந்தே தீர வேண்டும் என்பதில்லை; சிறிது விலகி நின்றாலும் போதும் என்பதற்கு அது சான்றாயிற்று.

கோலாகங்சார் அருகே பேராக் ஆற்றின் குறுக்கே உள்ள விக்டோரியா பாலமும் அத்தகையதே. 1897 இல் தொடங்கி 1900 இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்விரும்புப் பாலம், ஈயத்தையும் இரப்பரையும் ஏற்றிய வண்டிகளை ஒரு நூற்றாண்டு தாங்கியது. 2002 இல் அதன் பணி ஓய்ந்தது. பக்கத்தில் புதிய பாலம் வந்தது, பழையதோ இடிக்கப்படவில்லை. அதன் ஓரத்து நடைபாதையில் மக்கள் இன்றும் நடந்து செல்கின்றனர்.

இடிப்போர் பக்கத்து நியாயம்

இவற்றைக் கேட்ட அளவில், பழையவை அனைத்தையும் காக்க வேண்டும் என்று முழங்குவது எளிது. வழக்கின் மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்.

தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த நகரம் தைப்பிங். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் மரமும் சுண்ணாம்பும் நெடுங்காலம் நிற்பது அரிது. 1884, 1885 ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்ட பழைய சந்தைக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த கூரையும் மரத்தூண்களும் கொண்ட அது, நாட்டின் பழைமையான சந்தைகளுள் ஒன்று. அத்தகைய கட்டடம் காட்சிப்பொருள் மட்டுமன்று. வைகறையில் காய்கறியும் மீனும் விற்போரின் வாழ்விடமும் ஆகும். கூரை விழுந்தால் விழுவது வரலாற்றின் மேலன்று, மனிதர் தலைமேல். ஆதலின், பாதுகாப்பைச் சுட்டிக்காட்டி இடிக்கச் சொல்வோரை வரலாறு அறியாதவர் என்று தள்ளிவிடுதல் அறமாகாது.

பொருட்செலவும் உண்டு. பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க அதே வகை மரமும் சுண்ணாம்பும் வேண்டும். அவ்வேலை அறிந்த தச்சரும் கொத்தரும் வேண்டும். தனியார் வீடாயின் அச்சுமை ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. ஊரார் கண்டு மகிழ ஒரு குடும்பம் மட்டும் கடன்படுதல் முறையன்று.

மேலும், இன்று பழமை என்று போற்றப்படும் தைப்பிங்கே ஒரு காலத்தில் பழையதைக் களைந்து எழுந்த புதுநகரம்தான். நகரின் கடிகாரக் கோபுரம் 1881 இல் மரத்தால் அமைக்கப்பட்டு, 1890 இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. மரக்கோபுரத்தை அன்று விடாப்பிடியாகக் காத்திருந்தால் இன்றுள்ள கோபுரம் இல்லை. மொழியிற் பழஞ்சொற்கள் ஒதுங்குவதையும் புதுச்சொற்கள் இடம்பெறுவதையும் நம் இலக்கண ஆசிரியர்கள் குறையாகக் கருதவில்லை. ஊருக்கும் அது பொருந்தும். இடித்தல் குற்றமன்று. எனில், எதுதான் குற்றம்?

நாடு கண்ட இழப்புகள்

மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய 2005 ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் 2006 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூர் அம்பாங் சாலையில் 1929 முதல் நின்ற போக் மாளிகை இடிக்கப்பட்டது. சட்டம் கையில் இருந்தும் கட்டடம் போயிற்று. 1890களில் கட்டப்பட்ட புடு சிறைச்சாலையின் மதில் 2010 இல் சாலையை அகலப்படுத்துவதற்காக வீழ்த்தப்பட்டது. சிறை என்பது பெருமைக்குரிய சின்னமா என்னும் வினா அப்போது எழுப்பப்பட்டது. பெருமை தருவதை மட்டுமே வரலாறு என்று கொண்டால், வரலாற்றிற் பாதி அழிந்துபோகும். தைப்பிங் சிறைச்சாலை இன்றும் நிற்பதற்குக் காரணம் அது இன்றும் பயன்பாட்டில் இருப்பதே. பயன்பாட்டைப் போன்ற காவலன் கட்டடத்திற்கு வேறில்லை.

தமிழ் நெஞ்சங்களை மிகவும் வருத்திய இழப்பு 2013 இல் வெளிப்பட்டது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று கூறும் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில் இருந்த பதினோராம் எண் கோயிலின் அடித்தளம், நிலத்தை மேம்படுத்தும் பணியின்போது தகர்க்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு நின்றதை ஓர் இயந்திரம் சில மணி நேரத்தில் மண்ணாக்கியது. ஆயினும், அங்கு ஒரு கோயில் இருந்தது என்பதை எவராலும் மறுக்க முடியவில்லை. காரணம், 1930களில் அப்பள்ளத்தாக்கை ஆராய்ந்த குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் ஒவ்வோர் இடத்திற்கும் எண்ணிட்டுக் குறிப்பெழுதி வைத்திருந்தார். கல் போயிற்று, குறிப்பு நின்றது. கல்லுக்கு ஈடாகாது குறிப்பு. ஆனால் குறிப்பும் இல்லாதிருந்தால், இழந்தோம் என்பதைக்கூட அறியாமல் இழந்திருப்போம்.

இத்தகைய படிப்பினை மலேசியாவிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பென்சில்வேனியா இரயில் நிலையம் 1963 முதல் இடிக்கப்பட்டது. அவ்விழப்பைக் கண்டு மனம் நொந்த மக்களின் குரலே, 1965 இல் அந்நகரில் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் சட்டத்தைத் தோற்றுவித்தது. ஒன்றை இழந்த பின்னரே மற்றதைக் காக்கும் அறிவு பிறக்கிறது போலும்.

திருமழபாடி காட்டும் நெறி

இவ்வழக்கிற்குரிய தீர்ப்பைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைக் கண்டிருந்தனர்.

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது திருமழபாடி. அவ்வூர்ச் சிவன் கோயிலின் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தனது 28 ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1012–13 இல் ஆணையிட்டான். பழைய சுவர்களிற் கல்வெட்டுகள் இருந்தன. யார் என்ன கொடை அளித்தார், எந்த விளக்கிற்கு எத்தனை ஆடு, எந்த நிலத்திற்கு எது எல்லை என்பனவெல்லாம் அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தன. சுவரைப் பிரித்தால் அவ்வெழுத்துகள் சிதறும். எனவே, பிரிப்பதற்கு முன்னர் அவை அனைத்தையும் ஏட்டில் படியெடுத்து வைக்குமாறும் ஆணை பிறந்தது. பணி நிறைவெய்தியபின், இராசேந்திர சோழனின் 14 ஆம் ஆட்சியாண்டில் அவ்வெழுத்துகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இராசேந்திரனின் படை கடாரம் சென்றதும் அதனை ஒட்டிய காலத்திலேதான் என்பது எண்ணத்தக்கது.

அதற்கும் முன்னர், செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிக்காவில் அவ்வாறு புதுப்பித்தபோது, பழங்கற்களில் இருந்த எழுத்துகள் புதிய சுவர்களில் படியெடுத்துப் பொறிக்கப்பட்டன. அக்கல்வெட்டுகள் தம்மைப் ‘பழங்கற்படி’ என்றே கூறிக்கொள்கின்றன.

அவ்வரசர்க்கு இடிக்கத் தயக்கம் இல்லை. புதியது கட்டும் ஆர்வமும் குறைவில்லை. ஆனால், ஓர் எளிய இடையன் கொடுத்த விளக்கு ஆட்டின் கணக்கைக்கூட அழியவிடாத பொறுப்பும் உடன் இருந்தது. கட்டடத்தை மாற்றும் உரிமை வாழ்வோர்க்கு உண்டு. மறைந்தோரின் பெயரை அழிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. இதுவே திருமழபாடி கற்பிக்கும் நெறி. படியெடுக்காமல் இடிப்பதே குற்றம்.

மூன்று வினாக்கள்

இந்நெறியை இன்றைய வழக்குகளுக்குப் பொருத்தினால், இடிப்பது பற்றி முடிவு செய்யுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று எனலாம்.

முதலாவது: இக்கட்டடம் சொல்லும் செய்தியை வேறு ஏதேனும் சொல்கிறதா? ஆளுநர் ஒருவரின் மாளிகை அழிந்தாலும் அவர் வரலாறு அழியாது. அவர் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. எழுத்தறியாத் தொழிலாளர் கட்டிய மதகோ, நிலையமோ, குடியிருப்போ அழிந்தால் அவர்களைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் எஞ்சாது. எனவே, எளியோர் கட்டியது எளிய கட்டடமாயினும் அதற்கு முன்னுரிமை தருதல் நியாயம். அழகையும் அளவையும் மட்டும் நோக்கி மதிப்பிடுவோர் இவ்விடத்தில் தவறிவிடுகின்றனர்.

இரண்டாவது: இக்கட்டடத்திற்கு இன்று ஒரு பணி கொடுக்க இயலுமா? பூட்டி வைத்த வீடு விரைவில் பாழாகும். கடிகாரக் கோபுரம் தைப்பிங்கில் காவல் நிலையமாகவும் தீயணைப்பு நிலையமாகவும் பயன்பட்டதாலேயே நிலைத்தது. சந்தை சந்தையாகவே இருக்குமாயின் அதுவே சிறந்த காப்பு. இயலாவிடில் நூலகமாகலாம்; கடையாகலாம்; கலைக்கூடமாகலாம்.

மூன்றாவது: இடிப்பது தவிர்க்க இயலாததாயின், படியெடுத்தாயிற்றா? நீள அகலங்களை அளந்து வரைதல், எல்லாப் பக்கங்களிலும் படம் எடுத்தல், அங்கு வாழ்ந்தோரிடமும் உழைத்தோரிடமும் கேட்டு எழுதுதல், பெயர்ப்பலகை, அடிக்கல், கதவு போன்றவற்றுள் ஒன்றையேனும் எடுத்து வைத்தல் ஆகிய நான்கும் படியெடுத்தலில் அடங்கும். போர்ட் வெல்ட் பலகை நின்றதால்தான் தமிழ் எழுத்துகள் நின்றன என்பதை மறத்தலாகாது.

நம் வாயிலில் உள்ள கடமை

நகராண்மைக் கழகமும் அரசும் செய்ய வேண்டியதைச் சுட்டிக்காட்டுவது எளிது. தமிழர் தம் பொறுப்பில் உள்ளவற்றை எவ்வாறு காத்தனர் என்னும் வினாவும் உண்டு.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் நீண்டு நின்ற லயத்து வீடுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் வீழ்ந்தபோது எவரும் வழக்காடவில்லை. அங்கு வாழ்ந்தவர்களே அதனைத் துன்பத்தின் சின்னமாகக் கண்டு, விட்டால் போதும் என்று வெளியேறினர். அது இயல்பே. ஆயினும், ஐந்து தலைமுறையின் வாழ்வு நடந்த இடத்திற்கு ஒரு வரைபடமும் ஒரு பெயர்ப்பட்டியலும்கூட இல்லாமற் போவது இயல்பாகாது.

கோயில்களிலும் இதனைக் காணலாம். தகரக் கூரையின் கீழ் இருந்த தோட்டத்துக் கோயில் குடமுழுக்கு நாளில் வண்ணக் கோபுரத்தோடு பொலிவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், திருப்பணியின்போது பழைய நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கற்கள் பெயர்த்தெறியப்படுதல் உண்டு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஐந்து வெள்ளி கொடுத்த பால்மரத் தொழிலாளியின் பெயர் அக்கல்லில் இருந்திருக்கும். திருமழபாடியில் இடையனுக்குக் கிடைத்த மதிப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் நிலை இன்னும் கருதத்தக்கது. 1957 இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று அவை 500 ஐச் சற்றே கடந்த எண்ணிக்கையில் உள்ளன. மூடப்பட்டும் இணைக்கப்பட்டும் மறைந்த பள்ளிகள் பல. எஞ்சியவற்றுள் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டிருந்தவை இன்று மாடிக் கட்டடங்களாக உயர்ந்துள்ளன. மாணவர்க்கு நல்ல வகுப்பறை வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்திற்கு இடமில்லை. பழுதுற்ற பலகைக் கட்டடத்திற் பிள்ளைகளை அமர்த்தி வரலாற்றைக் காக்க வேண்டியதில்லை. ஆனால், பழைய கட்டடம் இடியும் நாளில் அதன் அலமாரியில் இருந்த சேர்க்கைப் பதிவேடும் பள்ளிக் குறிப்பேடும் எங்கே போகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தொழில், பிறந்த நாள், தோட்டத்தின் பிரிவு ஆகியவை உள்ளன. வேறெந்த வரலாற்று நூலிலும் இடம்பெறாத மனிதர்கள் அப்பக்கங்களில் வரிசையாக நிற்கின்றனர். கறையான் அரித்த தூணுக்கு இரங்குவோர், கறையான் அரிக்கும் அந்த ஏட்டிற்கும் இரங்குதல் வேண்டும்.

படியெடுக்கும் பணியில் மாணவரை ஈடுபடுத்துவது சிறந்த வரலாற்றுக் கல்வியாகும். அளவு நாடா பிடித்து நீளம் காண்பது கணிதம். முதியோரிடம் கேட்டு எழுதுவது கட்டுரைப் பயிற்சி. மங்கிய எழுத்தைக் கூட்டிப் படிப்பது மொழிப்பயிற்சி. தைப்பிங் வட்டாரத்துப் பிள்ளைகள் கோலா செபெத்தாங் பலகையின் முன் நின்று, அந்தத் தமிழ் எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள எட்டு மைல் உழைப்பைத் தம் சொற்களில் எழுதட்டும். ஓராண்டில் ஒரு பள்ளி ஒரு கட்டடத்தைப் படியெடுத்தாலும், பத்தாண்டில் பேராக் தமிழர் வரலாற்றிற்கு ஒரு பெருந்தொகுதி கிட்டும்.

முடிவுரை

முதுமையுற்ற கட்டடங்கள் சில நிற்கும், சில விழும். மழையையும் காலத்தையும் வென்றவர் இலர். எதனை நிறுத்துவது, எதனை விடுவது என்பதை அவ்வவ்வூர் மக்கள் தம் வலிமையையும் தேவையையும் எண்ணி முடிவு செய்வர். அம்முடிவு எதுவாயினும், கடப்பாரை சுவரைத் தொடும் முன் எழுதுகோல் ஏட்டைத் தொட்டிருக்க வேண்டும். இராசராசன் ஓலைச் சுவடியில் செய்வித்ததை இன்று செய்வதற்குக் கருவிகள் ஏராளமாக உள்ளன; ஒவ்வொருவர் கையிலும் படக்கருவி இருக்கிறது. வேண்டுவது, மண் சுமந்தவனின் பெயரும் எழுதத்தக்கது என்னும் எண்ணம் ஒன்றே. அவ்வெண்ணத்தை வகுப்பறையில் விதைப்பது ஆசிரியர் பணி.